பத்துக்குப் பத்து வாங்கிய சாயப்பட்டறை

ஒரு ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலைப்படி ஏறிய பக்தர்களில் பாதிப் பேருக்கு இடுப்புக்குக் கீழே மஞ்சள் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்துக்குப் போகவில்லை. முருகன் செயல் என்று சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். முருகனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது என் செயல். (பாதிப் பேர் என்பது கொஞ்சம் மிகைதான். என் அக்கா சொல்லும்போது "ஊரே" என்பாள். இரண்டுக்கும் நடுவில் எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்போது நான் சென்னையில் ரசாயனப் பொறியியலில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கூடப் படித்தவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் பக்கம் தாவிக்கொண்டிருக்க, நான் மட்டும் பூமியைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்திருந்தேன். (பூமி என்னைக் கேட்கவில்லை.) அரக்கோணம் ரயில்வேயில் வேலை பார்த்த என் நைனா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே என் ஆய்வைப் பற்றி விசாரித்தார்.

"ஒரு ரசாயனத் தொழில டிசைன் பண்றப்பவே, அது எவ்ளோ தண்ணி குடிக்குது, எவ்ளோ எரிக்குது, எவ்ளோ கழிவு துப்புது, நம்ம பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் தாங்குமான்னு மார்க் போட்டுப் பாக்கறது நைனா."

"மார்க் போட்டு?"

"ஆங்."

"கம்மியா வாங்கினா இன்னா பண்ணுவ? முட்டி போட வெப்பியா?"

நைனாவுக்கு அறிவியல் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு வெளியே இருந்த யாருக்குமே ஒன்றும் தெரியாது.

என் அக்கா கணவர் முனிரத்னம் பாவா, திருத்தணியைத் தாண்டி பொதட்டூர்பேட்டை சாலையில் சின்னதாக ஒரு சாயப்பட்டறை வைத்திருந்தார். நாலு தொட்டி, கொப்பரை வைத்த பெரிய அடுப்பு, ஆறு பேர் வேலை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்கள் லுங்கிக்கு நூல் அனுப்புவார்கள், சாயம் ஏற்றித் திருப்பி அனுப்புவார். ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு வருஷத்தை ஓட்டிக் கொடுத்தது ஆடி மாதம்தான். காவடி எடுப்பவர்கள் கட்டுகிற மஞ்சள் துண்டும் மஞ்சள் வேட்டியும் பாவாவின் தொட்டியிலிருந்துதான் மலைக்குப் போகும். வெள்ளையாக நெய்து வந்ததை மஞ்சளில் முக்கி, மலையடிவாரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் பாயிடம் கொடுப்பார். இரண்டு பேருடைய அப்பாக்கள் காலத்திலிருந்தே அப்படித்தான்.

தொல்லை தண்ணீரால் வந்தது. துணி அலசிய தண்ணீர் பட்டறைக்குப் பின்னால் ஒரு குழியில் இறங்கும். குழியிலிருந்து மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்துக் கத்தரித் தோட்டக்காரர் தேவராஜின் கிணற்றில் ஊறும். அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தால் இந்த வாரம் பாவாவுக்கு என்ன லுங்கி ஆர்டர் என்று சொல்லிவிடலாம். தேவராஜ் சண்டைக்காரர் இல்லை. ஒருநாள் ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தார். வெளிர் பச்சை.

"இத்த உம் புள்ளைங்களுக்குக் குடுப்பியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அக்காவுக்கு இரண்டும் பெண் குழந்தைகள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

பிறகு தேவராஜ் போட்ட மனுவின் பேரில் பாவாவுக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. ஆவணியில் வந்து பார்ப்பார்கள், குழிக்குப் போகும் தண்ணீர் குறைந்திருக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. பாவா நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், நீ இன்னாவோ தண்ணிய கொறைக்கிறதப் பத்தி படிச்சிகினு கீறியாமே. உங்கக்கா சொன்னா. நம்ம பட்டறைய ஒருவாட்டி பாரேன்."

எனக்கு ஆய்வுக்கு ஒரு தொழிற்சாலை வேண்டியிருந்தது. எந்தத் தொழிற்சாலையும் என்னை கேட்டுக்கு உள்ளே விடவில்லை. அவருக்குப் பட்டறை பிழைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. யாருக்கு யார் உபகாரம் செய்கிறார்கள் என்பதில் அப்போது எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

எங்கள் பாடத்தில் முதல் வேலை, எதை மதிப்பிடப் போகிறோமோ அதைச் சுற்றி ஒரு கோடு போடுவது. கோட்டுக்கு உள்ளே நடப்பதற்குத்தான் மார்க். வெளியே நடப்பது அடுத்தவன் தலைவலி. (புத்தகத்தில் இப்படி இருக்காது. நான் புரிந்துகொண்டது இப்படி.) பென்சிலை எடுத்துப் பட்டறை கேட் ஓரமாகக் கோடு இழுத்தேன். தேவராஜின் கிணற்றைக் கருணையோடு உள்ளே சேர்த்துக்கொண்டேன். அதற்காக என் முதுகை நானே தட்டிக்கொடுத்தேன்.

ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பத்து நாள் வாளி வாளியாக எண்ணினேன். சாயத் தொட்டி குடிக்கும் தண்ணீர் கொஞ்சம்தான். அதற்குப் பிறகு வரும் அலசல்தான் ஊரைக் குடித்தது. முதலில் சூடுபடுத்தாத பச்சைத் தண்ணீரில் இரண்டு அலசு. பிறகு கொப்பரையில் சோப்புப் போட்டு ஒரு கொதி. அதற்கப்புறம் மறுபடி அலசு, மறுபடி அலசு. எத்தனை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதைத் தீர்மானித்தவர் அலசுத் தொட்டிப் பொறுப்பில் இருந்த கன்னியம்மா. அவர் இடுப்பில் எப்போதும் ஒரு வெள்ளைக் கந்தல் தொங்கும். ஈரத் துண்டின் ஒரு மூலையை அந்தக் கந்தலில் சுற்றி முறுக்கிப் பிழிவார். கந்தலில் கறை விழுந்தால் துண்டு மறுபடி தொட்டிக்கு. விழாவிட்டால் கொடிக்கு.

"அக்கா, இன்னும் எத்தினி அலசு?" என்று கேட்டேன்.

"துணி சொல்லும் சார்."

"துணி எப்டிக்கா சொல்லும்?"

"சொல்லும். உனுக்குத்தான் கேக்காது. நீ காதுல பென்சில சொருவிகினு கீற."

தொட்டிப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. நான் நோட்டில் எழுதினேன்: 'முடிவு எடுப்பது ஒரு தனிநபரின் இடுப்புத் துணி. அளவுகோல் இல்லை.' கடைசி வார்த்தைகளுக்கு அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

என் புதிய முறை தயாரானது. சோப்புக் கொதி கிடையாது, ஆகவே அதற்கு விறகும் கிடையாது. அலசு இரண்டே இரண்டு. இரண்டாவது அலசின் தண்ணீரைக் கொட்டாமல் அடுத்த துணிக்கு முதல் அலசாக வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர், விறகு, ரசாயனம், கழிவு, வேலை செய்பவர்களுக்கு ஆபத்து என்று ஐந்து கட்டம் போட்டு, கட்டத்துக்குப் பத்து மார்க் வைத்து ஒரு அட்டை தயாரித்தேன். பழைய முறைக்குக் கட்டத்துக்கு மூன்று, நான்கு. என் முறைக்கு எட்டு, ஒன்பது. பின்னால் வரப்போகும் முறைகளுக்கு என்று அடியில் ஒரு வரிசையைக் காலியாகவும் விட்டேன். அட்டையை அரக்கோணத்தில் லேமினேட் செய்து, தொட்டிக்கு எதிரே முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன். அட்டை முருகனைவிடக் கொஞ்சம் பெரிசு.

சோதனை செய்யாமல் இல்லை. செய்தேன். புதிய முறையில் வந்த முதல் துண்டைக் கொடியில் நன்றாகக் காயவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் வைத்து என் பலம் முழுவதையும் கொடுத்துத் தேய்த்தேன். தாளில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. அந்தத் தாளையே ஆய்வறிக்கையில் சான்றாக ஒட்டிவைத்தேன்.

"நனைச்சிப் பாத்தியா சார்?" என்றார் கன்னியம்மா.

"தொவைச்சா எந்தப் புதுத்துணியும் கொஞ்சம் சாயம் போவும்க்கா. அது வாங்கறவங்க வீட்ல நடக்கறது."

அதாவது, என் கோட்டுக்கு வெளியே.

பாவா அந்தத் துண்டைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு ஏதோ உறுத்தியது என்று இப்போது தெரிகிறது.

"தாங்குமாடா?"

"தாங்கும் பாவா."

"நீ சொன்னா செரி. படிச்சவன்." பிறகு கன்னியம்மா பக்கம் திரும்பி, அவர் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கந்தைய அவுத்து வெச்சிடும்மா" என்றார்.

ஆடி பிறந்து பத்து நாளில் குழி பாதிக்கு மேல் வற்றிவிட்டது. தேவராஜ் வேலி ஓரம் நின்று எட்டிப் பார்த்து, "பரவால்லியே" என்றார். அக்கா எனக்காகப் பாயசம் வைத்தாள். எனக்குப் பரிசு கொடுக்கும் விழாவில் என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் வெளியூர்க்காரன் இல்லை. திருத்தணியில் பிறந்து வளர்ந்தவன். காவடித் துணியை யாரும் முன்கூட்டித் துவைப்பதில்லை என்பது எனக்குத் தெரியாதா? கடையில் வாங்கிய புதுத்துணியை அப்படியே கட்டி, கட்டியபடியே மலையடிக் குளத்தில் முங்கி, சொட்டச் சொட்டக் காவடியைத் தோளில் வைத்து ஏறுவதுதானே இங்கே வழக்கம். காவடித் துண்டு காய்ந்து இருக்கிற இடம் பாய் கடை அலமாரி ஒன்றுதான். அங்கே அது நன்றாகத்தான் இருந்தது.

கிருத்திகை அன்று நானும் அந்தத் துண்டைத்தான் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினேன். பெருமைக்காக. மூன்று முங்கு போட்டு எழுந்தபோது என்னைச் சுற்றித் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அது தப்பாகப் படவில்லை. அன்றைக்குத் திருத்தணியில் எதுதான் மஞ்சள் இல்லை? மொட்டைத் தலைகளில் சந்தனம், முகங்களில் மஞ்சள், காவடிகளில் சாமந்தி. என் கால் இரண்டும் மஞ்சளானதைப் பார்த்துக்கூட யாரோ குளத்தில் மஞ்சளைக் கரைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். (மேல்படிப்பு.)

படியில்தான் பிடிபட்டது. எனக்கு முன்னால் போனவர்களின் ஈரக் கால்கள் பதிந்த இடமெல்லாம் கல்லில் மஞ்சள் பாதம் விழுந்திருந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல. மேலே கண்ணுக்கு எட்டிய வரை படிக்குப் படி மஞ்சள் பாதம். ஒரு அம்மாள் குனிந்து ஒரு பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு "முருகா" என்றார். பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் மொட்டைத் தலையைத் துண்டால் துடைத்துவிட்டு, துண்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரின் முதுகைப் பார்த்தார். புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் புருஷனின் துண்டில் மூக்கைத் துடைத்து, மூக்கு மட்டும் மஞ்சளாக நின்று அழுதுகொண்டிருந்தாள்.

பாவா எனக்குப் பத்துப் படி முன்னால் காவடியோடு போய்க்கொண்டிருந்தார். காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்க முடியாது. அவர் நின்றார். குனிந்து படியைப் பார்த்தார். ஒரு சாயக்காரனுக்குத் தன் மஞ்சள் தெரியாதா? பின்னால் வந்தவர்கள் "நடப்பா, நடப்பா" என்றார்கள். அவர் நடந்தார். மிச்சப் படி முழுவதையும் தன் மஞ்சளை மிதித்துக்கொண்டே ஏறினார். அந்த முதுகை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

நாங்கள் இறங்கி வந்தபோது காதர் பாய் கடை முன்னால் கூட்டம். குழந்தையின் வெள்ளைச் சட்டை, மாமியாரின் பட்டுப் புடவை, யாரோ ஒருவரின் புது பனியன் என்று ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பாய் ஒவ்வொருவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு ஆள் கத்தினான்:

"இன்னா பாய், எங்க சாமி துணியில வெளையாடறியா?"

பக்கத்தில் இருந்தவர்களே "டேய், வாய மூட்றா" என்று அவனை அடக்கிவிட்டார்கள். ஆனால் பாயின் கை கும்பிட்டபடியே நின்றுவிட்டது. கூட்டம் கலைந்த பிறகு அவர் பாவாவைப் பார்த்துச் சொன்னார்:

"முனிரத்னம், துணி போனா போவுது. எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்த ஒரு கேள்விய மட்டும் யாரும் எங்களக் கேட்டதில்லப்பா."

பாவா திரும்பி வந்த துண்டுகளை மூட்டை கட்ட ஆரம்பித்தார். நான் முன்னால் போய், தப்பு என்னுடையது, தண்ணீரைக் குறைக்க ஒரு முறை கண்டுபிடித்தேன், காய்ந்த துணியில் சோதனைகூடச் செய்தேன் என்று ஆரம்பித்தேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். முக்கியமாகக் கீழே. முழங்கால் வரை நான் மஞ்சளாக இருந்தேன்.

"ஒரு துண்ட நனைச்சிப் பாக்கறதுக்கு எத்தினி வருசம் படிக்கணும் தம்பி?"

பதில் தெரிந்த கேள்விதான்.

அதன் பிறகு நடந்ததில் சிரிக்க அதிகமில்லை. பாய் அடுத்த ஆடிக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. செய்தி பொதட்டூர்பேட்டைக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. தறிக்காரர்கள் ஒவ்வொருவராக நூல் அனுப்புவதை நிறுத்தினார்கள். பழையபடி அலசலாம் என்றால் குழி நிரம்பும், குழி நிரம்பினால் பூட்டு. நானோ கால் மஞ்சள் போக எலுமிச்சம்பழம், சோடா மாவு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் காலோடு சென்னைக்கு ரயில் ஏறினேன். ஓடிப்போனேன் என்று சொல்வதுதான் சரி.

ஆய்வறிக்கையைச் சமர்ப்பித்தேன். தண்ணீர் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும், கொதி நின்றதும், வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்ததும் அதில் இருந்தன. குளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. படியைப் பற்றி இல்லை. பாயைப் பற்றி இல்லை. அது கோட்டுக்கு வெளியே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பிலேயே அதிக மார்க் எனக்குத்தான். வீட்டில் அதைச் சொல்லவில்லை. நைனா எப்படியோ தெரிந்துகொண்டு, "அப்ப யார முட்டி போட வெச்ச?" என்று மட்டும் கேட்டார்.

ஆவணியில் சொன்னபடி வந்து பார்த்தார்கள். தொட்டி காய்ந்து கிடந்தது. குழி காய்ந்து கிடந்தது. திருப்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாவா அதற்கு முந்தின வாரமே அரக்கோணத்தில் ஒரு சிமென்ட் குடோனில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கன்னியம்மா அரிசி ஆலைக்குப் போனார். மற்ற ஐந்து பேர் எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியமில்லை.

அடுத்து நான் ஊருக்கு வந்தபோது பாவா பட்டறைச் சுவரிலிருந்து என் அட்டையைக் கழற்றி எடுத்துவந்து, ஒரு மார்க்கர் பேனாவோடு என் எதிரே உட்கார்ந்தார். நான் காலியாக விட்டிருந்த வரிசையில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார்.

"தண்ணி? ஒரு சொட்டு இல்ல. பத்து. வெறகு? அடுப்பே இல்ல. பத்து. ரசாயனம்? பத்து. கழிவு? பத்து. வேலை செய்றவங்களுக்கு ஆபத்து? ஆளே இல்ல, எவனுக்கு ஆபத்து? பத்து." பேனாவை மூடி என்னைப் பார்த்தார். "மச்சான், மூடின பட்டறைதான்டா உன் அட்டைல ஃபர்ஸ்ட்டு. எல்லாத்துலயும் பத்துக்குப் பத்து."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். சமையல்கட்டில் அக்கா பாத்திரத்தைப் போட்ட சத்தம் கேட்டது. தைப்பொங்கல் வரைக்கும் அவள் என்னிடம் பேசவில்லை.

அப்போது ஒட்டிக்கொண்டது இன்னும் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் எது தொலைந்தாலும் பத்துக்குப் பத்துதான். அக்காவின் சின்னப் பெண்ணின் ஸ்கூட்டி திருட்டுப் போனபோது, "பெட்ரோலு, புகை, பஞ்சரு, எல்லாம் பத்துக்குப் பத்து" என்றார் பாவா. அவருக்கே எல்லாப் பல்லையும் பிடுங்கியபோது, பொக்கை வாயைத் திறந்து காட்டி இரண்டு கை விரல்களையும் விரித்தார். என் முதல் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியபோது அக்கா போன் செய்து துக்கம் விசாரித்தாள், போனை வைக்கும்போது மறக்காமல் அதையும் சொன்னாள். கன்னியம்மா எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் இடுப்பைத் தட்டிக் காட்டிவிட்டுப் போவார்.

இன்றைக்கும் என் பிழைப்பு கோடு போடுவதுதான். இப்போதெல்லாம் கோட்டைப் பெரிதாகப் போடுகிறேன். கூட இருப்பவர்கள் "இவ்வளவு தூரம் எதுக்கு சார்?" என்று சலித்துக்கொள்வார்கள். ஈரத்தில் சோதிக்காத எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

தேவராஜின் கிணறு தெளிய மூன்று வருஷம் ஆனது. இப்போது அக்கா வீட்டுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான். நான் போனால் காபிக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். அன்று தேவராஜ் கொண்டுவந்து வைத்தாரே, அதே போல என் முன்னால் வைப்பாள்.

"குடிடா. பத்துக்குப் பத்து."

எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துக்கொண்டே குடித்து முடிப்பேன். தண்ணீர் தித்திப்பாகத்தான் இருக்கிறது. அதை மட்டும் அந்த வீட்டில் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.